நான்கு குழல், இரண்டு மிதி

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய அரைச்சங்கிலி வண்டியில் (முன்னால் சக்கரம், பின்னால் சங்கிலிப் பட்டை) இருந்த நான்கு குழல் விமான எதிர்ப்புப் பீரங்கியை ஒரே ஆளா சுட்டார்?

பதில்: சுட்டவர் ஒருவர்தான், குண்டு நிரப்பத் தனி ஆட்கள். 8 டன் இழுவை வண்டியின் பின்தளத்தில் 2 செ.மீ. பிளாக்ஃபியர்லிங் 38 என்ற இந்த நான்கு குழல் பீரங்கியை ஏற்றிய வண்டியே எஸ்டி.கேஎஃப்இசட் 7/1. சுடுபவரின் காலடியில் இரண்டு மிதிகள். ஒவ்வொன்றும் மூலைக்கு மூலை எதிரான இரு குழல்களை இயக்கும். ஒவ்வொரு குழலுக்கும் தனிக் குண்டுப் பெட்டி, பெட்டிக்கு 20 குண்டுகளே. விடாமல் சுட்டால் மூன்று வினாடிக்குள் காலி! அதனால் ஒரு ஜோடி சுடும்போதே மற்ற ஜோடிக்குப் பெட்டி மாற்றுவார்கள். இரண்டு மிதிகளையும் சேர்த்து மிதித்தால் நான்கு பெட்டிகளும் ஒன்றாகக் காலியாகும். பெட்டி மாற்றும்வரை, விமானம் தலைக்கு மேல் இருக்கும்போதே பீரங்கி ஊமை. பின்தளத்தின் பக்கக் கம்பித் தட்டிகளை இறக்கினால்தான் பீரங்கியைச் சுற்றி நிற்க இடம். கவசமில்லாத வண்டிகளில் குழுவின் பாடு திண்டாட்டம்தான்.