நமுத்துப் போகாத கிரனோலாவுக்குப் பாகுதான் முக்கியம்

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறோம். பிள்ளைகளுக்குக் கிரனோலா பிடித்துவிட்டது, கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வீட்டில் ஓவன் கிடையாது. ஓட்ஸ், வேர்க்கடலை, தேங்காய்த் துருவல், உலர் திராட்சை எல்லாவற்றையும் வாணலியில் ஒன்றாக வறுத்து, வெல்லத்தைக் கரைத்து ஊற்றிக் கிளறி டப்பாவில் போட்டேன். மறுநாள் காலையிலேயே நமுத்துப் போய்விட்டது. எங்கே தப்பு? ஓட்ஸுக்குப் பதில் அவல் போடலாமா? மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. வெல்லம் போட்டதுதானே, அவர் சாப்பிடலாமா?

பதில்: வெல்லத்தைக் கரைத்து ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். தப்பு அங்கேதான். ஓவனில் செய்கிறவர்கள் தேனையோ வெல்லக் கரைசலையோ அப்படியே கலந்து, 150 டிகிரி செல்சியஸில் 35, 40 நிமிடம் விட்டுவிடுவார்கள். அவ்வளவு நேரத்தில் ஈரம் முழுக்க வெளியேறிவிடும். வாணலியில் பத்து நிமிடம் கிளறினால் மேலாகக் காய்ந்த மாதிரி தெரியுமே தவிர, வெல்லத்தோடு வந்த தண்ணீர் உள்ளேதான் இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக அது ஓட்ஸில் இறங்கிவிடும். அதனால் அடுப்பில் செய்வதென்றால் தண்ணீரைப் பாகிலேயே தீர்த்துவிட வேண்டும்.

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பீர்கள் அல்லவா, அதே பாகுதான். 150 கிராம் வெல்லத்துக்குக் கால் டம்ளர் தண்ணீர் போதும். கரைந்ததும் வடிகட்டிவிடுங்கள், மண் இருக்கும். திரும்ப அடுப்பில் வைத்தால் முதலில் பெரிய பெரிய குமிழாகப் பொங்கும். அப்புறம் குமிழ் சிறுத்து நெருங்கும், கரண்டியிலிருந்து கனமாக விழும். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்துப் பாருங்கள். விரலில் உருண்டு வளைந்து கொடுத்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. படக்கென்று ஒடிய வேண்டும், தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். இதற்கும் கருகிக் கசப்பதற்கும் நடுவில் அதிக நேரம் இல்லை. அந்த நேரத்தில் போன் அடித்தால் அடிக்கட்டும்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். சோடா பட்டதும் பாகு நுரைத்து லேசாகும், பிறகு கடிக்கும்போது பல்லைப் பதம் பார்க்காது. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாத கிரனோலா வெறும் தித்திப்பு. எண்ணெயில் என் ஓட்டு தேங்காய் எண்ணெய்க்கு. நல்லெண்ணெயும் சீக்கிரம் கெடாது, ஆனால் அதன் வாசனை ஓட்ஸை அமுக்கிவிடும்.

பாகு பூத்துவிடக் கூடாதென்று எலுமிச்சைச் சாறு விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இங்கே வேண்டாம். புளிப்பு பட்டால் சர்க்கரை உடைந்து குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரியும். ஃப்ரக்டோஸ் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். தேன் சேர்த்தது சீக்கிரம் பிசுபிசுக்க அதுதான் காரணம், கசிந்து இளகிய பழைய வெல்லத்திலும் அதே கதைதான். அய்யம்பேட்டை, வீரமாங்குடிப் பக்கத்து அச்சு வெல்லம் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். காய்ந்து கெட்டியாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்தப் பாகுக்கு உலர்ந்த சாமான் எல்லாம் சேர்த்து 450 கிராம் சரியாக இருக்கும். கட்டி கட்டியாக வேண்டாம், உதிரியாகப் பாலில் போட்டுச் சாப்பிடப் போகிறோம் என்றால் வெல்லம் 100 கிராம் போதும். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்ஸ், மீதிக்கு அவல், கடலை, எள், பூசணி விதை, கொப்பரை. எதையும் சேர்த்து வறுக்காதீர்கள். எள் வெடிக்கிற நேரத்தில் கடலை பச்சையாகத்தான் இருக்கும். ஓட்ஸில் உடனடி வகை வேண்டாம், மாவாகிவிடும். முழு இதழாக இருப்பதை இளந்தீயில், ஒன்றை எடுத்துத் தேய்த்தால் பொடியும் வரை வறுக்க வேண்டும்.

தேங்காய்த் துருவலும் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. பச்சைத் தேங்காயில் பாதிக்குப் பாதி தண்ணீர். கொப்பரையை மெல்லிசாகச் சீவிப் போடுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கொப்பரைக்குக் கவலையே இல்லை. திராட்சை, பேரீச்சை வகையறாவில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குக் குறையாமல் ஈரம் இருக்கும். வாணலியில் போட்டால் கல்லாகும், டப்பாவில் கலந்து வைத்தால் பக்கத்தில் இருக்கிற ஓட்ஸை நமுக்க வைக்கும். அவற்றைத் தனி டப்பாவில் வைத்து, சாப்பிடும்போது கிண்ணத்தில் தூவிக்கொள்ளுங்கள்.

அவல் தாராளமாகப் போடலாம். நெல் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓட்ஸே கதி என்று இருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த அவல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கெட்டி அவலை வெறும் வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் பல்லுக்குக் கல் மாதிரிதான் இருக்கும், காய்ந்த எண்ணெயில் பொரித்தால்தான் அது மலரும். கிரனோலாவுக்கு மெல்லிசு அவல். மூன்று நான்கு நிமிடத்தில் ஓரம் சுருண்டு மொறுமொறுப்பாகிவிடும். மாப்பிள்ளை சம்பா அவலில் மெல்லிசாகக் கிடைத்தால் விடாதீர்கள், வெள்ளை அவலில் இல்லாத ஒரு தவிட்டு வாசனை அதில் உண்டு. பொரி சேர்ப்பதென்றால் ஒரு கைப்பிடி, கடைசியில். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நமுப்பது அதுதான்.

பாகை ஊற்றும்போது வறுத்த சாமான் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆறிப்போனதில் ஊற்றினால் பாகு ஒரே இடத்தில் இறுகி, பாதி ஓட்ஸ் வெறுமனே நிற்கும். சட்டென்று கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, டபராவின் அடிப்பக்கத்தால் அழுத்திவிட்டு ஒரு மணி நேரம் தொடாதீர்கள். முழுக்க ஆறின பிறகு உடைத்தால் கட்டி நிற்கும். இளஞ்சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்து மறுபடி பழைய கதைதான்.

வாசனைக்கு ஏலக்காயும் சுக்கும் போதும். வெல்லத்தை எடுத்துவிட்டு மிளகு, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுக் காரமாகச் செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. செய்யலாம், அதற்கு நம் ஊரில் மிக்சர் என்று பெயர்.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். வெல்லத்திலும் பெரும்பங்கு சர்க்கரைதான். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவலும் சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவருக்குத் தனியாக, பாகு ஊற்றுவதற்கு முன்பே வறுத்த ஓட்ஸ், கடலை, விதைகளை எடுத்து வைத்துவிடுங்கள். துளி உப்பும் பட்டைப் பொடியும் தூவி, இனிப்பில்லாத தயிரில் இரண்டு மேசைக்கரண்டி போதும். அவருடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் கிண்ணம் நிறையக் கொடுக்க வேண்டியதில்லை, 100 கிராம் கிரனோலாவில் 450 கலோரிக்குக் குறையாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் முழுக்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும். கரகரவென்று பொடித்துப் போடுங்கள்.

எவர்சில்வர் டப்பாவைவிட ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி பாட்டில் நல்லது. பெரிதாக ஒன்றுக்குப் பதில் சின்னதாக மூன்று வைத்துக்கொண்டால், ஒன்றைத் திறக்கும்போது மற்றது பத்திரமாக இருக்கும். சாதாரண நாளில் மூன்று வாரம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், அப்போது பாதி அளவு செய்தால் போதும். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் வியர்க்கும். இப்போது நமுத்துக் கிடப்பதையும் கொட்டிவிடாதீர்கள். திராட்சையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அடிகனமான வாணலியில் மிக இளந்தீயில் கைவிடாமல் கிளறி, தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். பச்சைத் தேங்காய் போட்டது என்பதால் முதலில் முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடலாம்.