மானிட்டரில் ஆக்ஸிஜன் 82, அப்புறம் 96
தம்பி, மதுரை ஆஸ்பத்திரியில் அம்மா நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் ரத்த ஆக்ஸிஜன் அளவு திடீரென 82 சதவீதத்துக்கு இறங்கி, உடனே 96-க்கு ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை எந்தக் கையில் என்று பாருங்கள். ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டும் கிளிப் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் உள்ளே விட்டு, ரத்தத் துடிப்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. இரண்டும் ஒரே கையில் இருந்தால், பட்டை இறுகும்போதெல்லாம் துடிப்பு கிடைக்காமல் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஏசியில் சில்லிட்ட விரல், நகப்பூச்சு, மருதாணியும் (நம்மூர்க் கல்யாண சீசனில் மருதாணி இல்லாத விரல் ஏது!) கணக்கைக் கெடுக்கலாம். நர்ஸிடம் சொல்லி கிளிப்பை மறு கைக்கு மாற்றச் சொல்லுங்கள். திரையில் துடிப்பின் அலை சீராக இருந்தும் எண் இறங்கியே நின்றால், அல்லது மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் உடனே கூப்பிடுங்கள். ஆக்ஸிஜன் குமிழை மட்டும் நீங்களாகத் திருகாதீர்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்றே டாக்டர்கள் வைப்பதுண்டு.