11 வாரம் கழித்துத்தான் டாக்டரைப் பார்க்க முடியுமாம்!

கேள்வி: என் தம்பிக்கு வயது 23. நாலு மாதமாக வேலைக்குப் போகவில்லை, ராத்திரி முழுக்க விழித்தே கிடக்கிறான். மனநல மருத்துவரிடம் வரச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது 11 வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது. "அதுவரைக்கும் இருந்தா பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதுவரை நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

"அதுவரைக்கும் இருந்தா பார்க்கலாம்." இந்த வரியைத் தாண்டி என்னால் உங்கள் கடிதத்தைப் படிக்க முடியவில்லை. சலிப்பில் சொன்னாரா, வேறு ஏதாவது மனதில் வைத்துச் சொன்னாரா? இன்றே கேட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" என்றே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஆமாம் என்று சொன்னால், எப்படி என்றுகூட யோசித்து வைத்திருந்தால், 11 வாரக் கணக்கை மறந்துவிடுங்கள். அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகளை எடுத்துப் பூட்டிவையுங்கள்.

இல்லை என்றாலும் அந்தத் தேதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியலாம். ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டுவிடும். மனச்சோர்வுதான் என்றால் அவரே சிகிச்சையைத் தொடங்க முடியும். மனநல நிபுணர் அல்லாத மருத்துவர்களையும் செவிலியர்களையும் இதற்குப் பழக்கவே உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு தனித் திட்டம் தொடங்கியது. மாத்திரை கொடுத்தால் பலன் தெரியவே பெரும்பாலும் 2 முதல் 6 வாரம் ஆகும். அதை இப்போதே தொடங்கலாமே! ஒன்று மட்டும்: 25 வயதுக்குள் இருப்பவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அந்த நாட்களில் ஒரு கண் அவர் மீதே இருக்கட்டும். தானாக மாத்திரையை நிறுத்தவும் விடாதீர்கள்.

என் அக்கா மகனுக்காக நாங்களும் இப்படிக் காத்திருந்தோம். நாளுக்கு நாள் மோசமானான். "தேதிதான் கொடுத்துட்டாங்களே, சும்மா தொந்தரவு பண்ணக் கூடாது" என்று நாங்கள் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. நீங்கள் அப்படி இருக்காதீர்கள். நிலைமை மாறினால் தேதி கொடுத்த மருத்துவமனைக்கு உடனே போன் செய்யுங்கள். "ரொம்பக் கஷ்டப்படுறான்" என்றால் எதிர்முனையில் இருப்பவருக்கு எதுவும் பிடிபடாது. "மூணு நாளா ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு மேல தூங்கல, குளிச்சு எட்டு நாளாச்சு" என்று சொல்லுங்கள். யாராவது வராமல் போனால் அந்த நேரத்தை உங்களுக்குத் தரும்படியும் கேட்டு வையுங்கள்.

அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினார், சாப்பிட்டாரா, வெளியே பத்து நிமிடமாவது உங்களோடு நடந்தாரா என்று நாளுக்கு இரண்டு வரி போதும். முதல் பக்கத்தில் அவர் சொன்ன அந்த வார்த்தையை, சொன்ன தேதியோடு எழுதுங்கள். டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.