தெர்மோஸ்டாட் 20-இல், அறை 26-இல்: அடங்காத தரைச்சூடு

மியூனிக் வாடகை வீட்டில் 20 டிகிரி வைத்தும் படுக்கையறை 26-க்குக் கீழே இறங்கவில்லை, இரவில் ஜன்னலைத் திறந்துதான் தூங்குகிறோம் என்கிறீர்கள். முதலில், தெர்மோஸ்டாட்டை மணிக்கொரு தரம் திருகாதீர்கள். தரைக்கடியில் ஓடும் சுடுதண்ணீர்க் குழாய்களுக்கு மேல் கனமான சிமெண்ட் பூச்சு இருக்கிறது. தோசைக்கல் மாதிரி, அணைத்ததும் ஆறாது. வித்தியாசம் தெரிய அரை நாளாவது ஆகும்.

நடையிலோ சாமான் அறையிலோ சுவரில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். எல்லா அறைகளுக்கும் குழாய் பிரிவது அங்கேதான். படுக்கையறை தெர்மோஸ்டாட்டை முழுக்கக் குறைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பெட்டியில் அந்த அறைக்கான ஃப்ளோ மீட்டரை (தண்ணீர் ஓட்டத்தின் அளவைக் காட்டுவது) பாருங்கள். பூஜ்யத்துக்கு வர வேண்டும். அதற்குப் பதில் சமையலறை மீட்டர் இறங்கினால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். புதுக் கட்டடங்களில் இது சகஜம், யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை! எதுவுமே இறங்கவில்லையா? படுக்கையறை வால்வின் மேலுள்ள ஆக்சுவேட்டரை (தெர்மோஸ்டாட் சொல்படி வால்வை மூடித் திறக்கும் சிறு கருவி) கழற்றி, அடியிலுள்ள ஊசியை மரக்கட்டையால் அழுத்துங்கள். உள்ளே போய்த் தானாக மேலே வர வேண்டும். உள்ளே போகாவிட்டாலோ மேலே வராவிட்டாலோ சிக்கியிருக்கிறது. குறடால் பிடித்து இழுக்காதீர்கள், தண்ணீர் பீறிடலாம்.

மீட்டர் பூஜ்யமாகியும் மறுநாள் வரை சூடு குறையாவிட்டால், மற்ற அறைகளுக்கான குழாய்கள் அந்தத் தரைக்கடியில் போகின்றனவா என்று கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள்.

வீடு முழுக்கவே கொதிக்கிறதென்றால் கதை வேறு: பாய்லரின் ஹைட்ஸ்குர்வ (வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டைத் தீர்மானிக்கும் அமைப்பு) அதிகம். நன்றாகக் காப்பிட்ட புது வீட்டுக்கு 35 டிகிரித் தண்ணீர் பொதுவாகப் போதும். பெட்டியிலுள்ள வெப்பமானி 45 காட்டினால் படமெடுத்து ஹவுஸ்ஃபெர்வால்டுங்குக்கு (கட்டட நிர்வாகம்) அனுப்புங்கள். பொது பாய்லரில் நீங்கள் கைவைக்கக் கூடாது.

அந்த வெப்பமானி எவ்வளவு காட்டுகிறது? சொன்னால் மேற்கொண்டு பார்க்கலாம்.