கருவறையில் இரத்த ஓட்டமும் நுரையீரலும்: செட்டிநாட்டு வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

பள்ளத்தூர், ஆடு வளர்ப்பவர்: ஐயா, சினை ஆட்டின் வயிற்றில் குட்டி ஐந்து மாதம் நீருக்குள்ளேயே கிடக்கிறது. மூச்சு விடாமல் எப்படி உயிரோடு இருக்கிறது?

குட்டிக்கு வேண்டிய ஆக்சிஜன் முழுவதும் நஞ்சுக்கொடி வழியாகவே கிடைக்கிறது. தாயின் இரத்தமும் குட்டியின் இரத்தமும் அங்கே கலப்பதில்லை. மெல்லிய திசுக்களுக்கு இருபுறமும் ஓடும்போது வாயுக்களும் சத்துகளும் மட்டுமே இடம் மாறுகின்றன. தொப்புள்கொடியின் சிரைகள் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டுவர, தமனிகள் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்கின்றன. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடியில் இரண்டு சிரைகள் உண்டு. மனிதக் குழந்தைக்கு ஒன்றுதான்.

இவ்வாறு வரும் இரத்தத்திலும் ஆக்சிஜனின் அழுத்தம் தாயின் தமனி இரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. ஆட்டுக்குட்டி, கன்று, மனிதக் குழந்தை ஆகியவற்றின் கருவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் தனி வகையாக இருந்து, அந்தக் குறைந்த அழுத்தத்திலேயே ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்வதால் குறை ஏற்படுவதில்லை.

காரைக்குடி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: நுரையீரலில் காற்றே இல்லாதபோது இதயத்தின் வலப்பக்க இரத்தம் எங்கே போகிறது?

பாடநூலில் நீங்கள் படித்தது பிறந்த பின் நடக்கும் ஓட்டம். அதில் வலது கீழறை நுரையீரலுக்கும், இடது கீழறை உடலுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக இரத்தத்தை அனுப்புகின்றன. கருவில் இரண்டு கீழறைகளும் அருகருகே நின்று ஒரே உடலுக்காக உழைக்கின்றன. இதற்கு மூன்று குறுக்குவழிகள் உள்ளன.

தொப்புள்கொடியிலிருந்து வரும் இரத்தத்தில் ஒரு பகுதி, டக்டஸ் வீனோசஸ் என்னும் முதல் வழியில் கல்லீரலைத் தாண்டி நேரே கீழ்ப்பெருஞ்சிரையை அடைகிறது. விரைந்து வரும் அந்த ஓட்டம், இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள ஃபோராமென் ஓவேல் என்னும் திறப்பை நோக்கிப் பாய்ந்து, இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் சென்று, அங்கிருந்து இதயத் தசைக்கும் மூளைக்கும் முதலில் போய்ச் சேர்கிறது. தலையிலிருந்து திரும்பும், ஆக்சிஜன் குறைந்த இரத்தமோ பெரும்பாலும் வலது கீழறைக்குள் இறங்கி, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் வழியாகக் கீழுடலுக்கும் நஞ்சுக்கொடிக்கும் செல்கிறது. ஒரே இதயத்துக்குள் வந்து சேரும் இரண்டு ஓட்டங்கள் பெரிதும் கலந்துவிடாமல், நல்ல இரத்தம் மூளைக்கென்று ஒதுக்கப்படுவதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் இரத்த ஓட்டத்தைப் பற்றி எழுதியபோதே கருவின் இந்த வழிகளையும் விளக்கியிருக்கிறார்.

நுரையீரலின் இரத்தக் குழாய்கள் அப்போது சுருங்கியே இருக்கின்றன. செம்மறிக் கருவில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அங்கே போகிறது.

தேவகோட்டை, அறிவியல் ஆசிரியர்: அப்படியானால் பிறக்கும்வரை நுரையீரலுக்கு வேலையே இல்லையா?

நிறையவே இருக்கிறது. கருவின் நுரையீரலை நிரப்பியிருப்பது பனிக்குடத்திலிருந்து உள்ளே போன நீர் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நுரையீரலின் உட்சுவர் செல்களே குளோரைடை வெளியேற்றி, அதன் பின்னே நீரை ஈர்த்து உண்டாக்கும் திரவம். அந்தத் திரவத்தின் அழுத்தத்தில்தான் நுரையீரல் விரிந்து வளர்கிறது. அது தொடர்ந்து வடிந்துபோனால் நுரையீரல் சிறுத்துப்போகும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் இடைவெளிவிட்டு அசைந்து மூச்சுப் பயிற்சி செய்கிறது. செம்மறிக் கருக்களில் இந்த அசைவுகளை ஆக்ஸ்போர்டில் ஜெஃப்ரி டாஸ் குழுவினர் விரிவாக ஆராய்ந்தார்கள்.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: என் பேத்தி எட்டாம் மாதம் பிறந்தாள். பிரசவத்துக்கு முன்பே குழந்தையின் நுரையீரலுக்கென்று என் மகளுக்கு ஊசி போட்டார்கள். அது எதற்கு?

ஆச்சி, நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளாதபடி காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்புப் பொருள். மனிதக் கருவில் அது போதிய அளவு சேர 34, 35 வாரங்கள் ஆகும். அதற்கு முன் பிறக்கும் குழந்தை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சைப் போலப் போராடியே இழுக்க வேண்டியிருக்கும். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இந்தக் குறையே காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜீர் மீடும் காட்டினார்கள்.

உங்கள் மகளுக்குப் போட்டது பெரும்பாலும் நுரையீரலை விரைந்து முதிரச்செய்யும் ஸ்டீராய்டாக இருக்கும். நியூசிலாந்தின் மகப்பேறு மருத்துவர் லிகின்ஸ், ஸ்டீராய்டு பெற்ற குறைமாதச் செம்மறிக் குட்டிகளின் நுரையீரல் எதிர்பாராத அளவு விரிந்திருந்ததைக் கண்டு, குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, 1972இல் முடிவுகளை வெளியிட்டார். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பச்சிளங்குழந்தைகளுக்குச் செலுத்திப் பலன் கண்டார். ஆடும் மாடும் மனிதக் குழந்தைகளுக்குச் செய்த இந்த உதவியைக் கால்நடை மருத்துவனாக நான் பெருமையுடன் சொல்கிறேன்.

சிராவயல், மாடு வளர்ப்பவர்: கன்று பிறந்ததும் நெஞ்சு நீர் இறங்கட்டும் என்று பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். சரிதானா ஐயா?

வேண்டாம் ஐயா. அப்படி வடிவதில் பெரும்பகுதி வயிற்று நீர். குடலின் எடை உதரவிதானத்தை அழுத்துவதால் மூச்சு இன்னும் கடினமாகும். ஈனும் நேரத்தில் சுரக்கும் அட்ரினலின், நுரையீரலில் திரவத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த அதே செல்களைச் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சவைக்கிறது. நுரையீரல் நீரில் பெரும்பகுதி இவ்வாறு உடலுக்குள்ளேயே போய்விடும். மூக்கையும் வாயையும் துடைத்து, கன்றை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்திப் படுக்கவைத்து, வைக்கோலால் நாசியைச் சீண்டி, உடலை நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

காற்று புகுந்ததும் நுரையீரல் குழாய்கள் விரிந்து, அங்கிருந்து திரும்பும் இரத்தம் இடது மேலறையில் அழுத்தத்தைக் கூட்டும். ஒருபக்கமாக மட்டும் திறக்கும் கதவுபோல ஃபோராமென் ஓவேலின் மடிப்பு சாத்திக்கொள்ளும். தொப்புள்கொடி பெரும்பாலும் தானாகவே அறும்; அறுந்த முனையை அயோடினில் நனைத்துவிடுங்கள்.

புதுவயல், கர்ப்பிணி: கருவில் உள்ள இந்தக் குறுக்குவழிகள் எப்போது மூடும்? நான் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? அம்மா வயதில் உள்ளவர்களிடம் கேட்டும் தெளிவு கிடைக்கவில்லை.

நிறைமாதக் குழந்தையில் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் வழக்கமாக மூன்று நாட்களுக்குள் சுருங்கிவிடும். ஃபோராமென் ஓவேல் பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முழுதும் ஒட்டாமலே இருக்கிறது; பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை இல்லை. கருவில் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள். ஐபுப்ரொஃபேன் போன்ற வலிமாத்திரைகள் அதன் சுரப்பைக் குறைத்து, பிறக்கும் முன்பே அந்த வழியை மூடச்செய்யக்கூடும். ஆகவே இடுப்பு வலி, தலைவலி என்று மருந்துக்கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போடாமல், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா.