கழுத்துக் கறுப்பைத் தேய்க்காதீர்கள், சர்க்கரையைப் பாருங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு 27 வயது, எடை 92 கிலோ. மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. பிடரி கறுத்துத் தடித்துக் கிடக்கிறது. வெயிலால் என்று நினைத்தோம். பீர்க்கங்காய் நாரால் தேய்த்தும் போகவில்லை. என்ன க்ரீம் போடலாம்?"

க்ரீம் இப்போது வேண்டாம் அம்மா. முதலில் அவருடைய அக்குளைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வெயில் படாது. அங்கும் அதே கறுப்பு இருந்து, தொட்டால் வெல்வெட் துணி போலத் தடிப்பாக இருந்தால், காரணம் உடம்புக்குள் இருக்கிறது. கழுத்தில் பொடிப்பொடியாக மருவும் தொங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். வயிற்றில் கொழுப்பு சேரச் சேர, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாது. அதைச் சரிக்கட்டக் கணையம் இன்சுலினை இன்னும் அதிகமாகச் சுரக்கும். மிதமிஞ்சிய அந்த இன்சுலின் தோல் செல்களையும் வளரத் தூண்டிவிடுகிறது. சர்க்கரை நோய் வருவதற்குச் சில வருடம் முன்பே இது தெரியலாம். அந்த நேரத்தை நாரும் சோப்பும் தின்றுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அழுத்தித் தேய்த்தால் தோல் இன்னும் கறுக்கவே செய்யும்.

வெறும் வயிற்றில் சர்க்கரையும், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பாருங்கள். எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, விடிகாலை துறைமுகத்து டீயும்தான். வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் நோய் வாசலில் நிற்கிறது. முன்னது 126-ஐயோ பின்னது 6.5-ஐயோ தொட்டால், சர்க்கரை நோய்தானா என்று மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்வார்கள். ரத்த அழுத்தமும் ரத்தக் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஆறேழு கிலோ குறைந்தாலே இன்சுலின் இறங்கும், அப்புறம் கறுப்பும் மெல்ல வெளுக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒல்லியான, வயதானவருக்கு இது திடீரென்று வந்து, உள்ளங்கையும் தடித்து, எடையும் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். அபூர்வமாக அது இரைப்பைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கும். புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

உள்ளே இருக்கும் கோளாறைத் தோல் வேறு விதமாகவும் காட்டும். தடிப்பே இல்லாமல் வாரக்கணக்கில் உடம்பெல்லாம் அரித்தால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் சோதிக்க வேண்டும். கண் இமையில் மஞ்சள் திட்டு வந்தால் ரத்தக் கொழுப்பைப் பாருங்கள்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த வாரமே மகனை அழைத்துப் போங்கள்.