சுகர் என்று தெரிந்த முதல் மாதம்: ஏன் இத்தனை அழைப்புகள், எதற்கெல்லாம் போக வேண்டும்?

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஓயாத அசதியாக இருக்கிறதே என்று போன மாதம் ரத்தம் கொடுத்ததில் சுகர் என்று வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 186, மூன்று மாத சராசரி 8.9. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் காலையில் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்றுதான் டாக்டர் சொன்னார். அதற்குள் கண் டாக்டர், கால் டெஸ்ட், ஈசிஜி, டயட்டீஷியன் என்று ஆளாளுக்கு ஒரு தேதி கொடுக்கிறார்கள். இப்போது, யூரின் டெஸ்ட்டில் ஏதோ கூடியிருக்கிறது, வியாழக்கிழமை வாருங்கள் என்று போன். என்னிடம் எதையாவது மறைக்கிறார்களா? இல்லை, பணம் பிடுங்கும் வேலையா? கண்ணும் காலும் எனக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. எதற்குப் போவது, எதை விடுவது?

பதில்: யாரும் எதையும் மறைக்கவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் சொன்ன பட்டியலில் ஈசிஜியைத் தவிர மற்றதெல்லாம், டைப் 2 சர்க்கரை புதிதாகத் தெரிந்த யாருக்கும் ஆரம்பத்திலேயே செய்ய வேண்டியவை. உங்களுக்கு ஏதோ முற்றிவிட்டது என்பதால் கூப்பிடவில்லை. முதல் நாளே உட்கார வைத்து, "இந்த மாதம் இன்னின்ன பரிசோதனைகள் இருக்கின்றன, இதற்காகத்தான்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கூட்டத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு நோயாளியைப் பார்க்கும் இடங்களில் அது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

கண்ணும் காலும் நன்றாக இருக்கும்போது ஏன் பார்க்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். டைப் 2 சர்க்கரை நமக்குத் தெரிய வருவதற்குச் சில வருடங்கள் முன்பே உடம்பில் ஆரம்பித்துவிடுகிறது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. இங்கிலாந்தில் 1977இல் தொடங்கிய யுகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வில், அப்போதுதான் சர்க்கரை என்று தெரிந்தவர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சேர்ந்த அன்றைக்கே கண்ணிலோ நரம்பிலோ ரத்தக் குழாயிலோ ஏதாவது ஒரு பாதிப்பின் அடையாளம் இருந்தது. சிறு வயதில் வரும் டைப் 1 சர்க்கரை திடீரென்று வரும். எப்போது ஆரம்பித்தது என்பது கிட்டத்தட்டத் தெரியும். அதனால் அவர்களுக்குக் கண் பரிசோதனையைச் சில வருடம் கழித்து ஆரம்பித்தால் போதும். உங்களுடையது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. துணி ரோல் வந்ததும் கட்டிங்குக்கு அனுப்பும் முன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரிதான் இந்தப் பரிசோதனைகள். இன்றைக்கு என்ன நிலை என்று குறித்து வைத்தால்தான் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முதலில் வியாழக்கிழமை விஷயம். "யூரினில் கூடியிருக்கிறது" என்றால், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் சற்று அதிகமாகப் போகிறது என்று அர்த்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்டில் அல்புமின் - கிரியாட்டினின் விகிதம் என்று இருக்கும். 30க்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை கிட்னியில் ஆரம்ப நிலை பாதிப்பு இருக்கலாம் என்று அர்த்தம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். ஒரே ஒரு முறை கூடியதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. காய்ச்சல் இருந்தால் கூடும், நீர்க்கடுப்பு இருந்தால் கூடும், மாதவிலக்கு நாளில் கொடுத்தால் கூடும், முந்தின நாள் கடுமையாக உடம்பை வருத்தியிருந்தாலும் கூடும். சர்க்கரை ஏறிக் கிடக்கும்போதும் கூடும், உங்களுக்கு அது ஏறித்தான் இருந்தது. அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, அதில் இரண்டு முறை கூடுதலாக இருந்தால்தான் பாதிப்பு என்று கணக்கில் எடுப்போம். திரும்பக் கூப்பிட்டது இதற்காகவே இருக்கும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் இதற்கு நல்லது. டப்பாவை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் மாதவிலக்கு நாளாக இருந்தால் போன் செய்து ஒரு வாரம் தள்ளிக் கேளுங்கள், தப்பில்லை. கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிட்னியின் நிலை புரியும். மறுபடியும் கூடுதலாகவே வந்தாலும் இந்தக் கட்டத்தில் கிட்னியைக் காப்பாற்ற நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. டயாலிசிஸ் வரைக்கும் மனத்தை ஓட விடாதீர்கள்.

இப்படிப் போன் வந்தால் பதற்றத்தில் "சரி சரி" என்று வைத்துவிடுகிறோம். அடுத்த முறை அங்கேயே கேட்டுவிடுங்கள்: எந்த டெஸ்ட், அளவு என்ன, நாளைக்கே வர வேண்டுமா அல்லது அடுத்த வாரம் வரலாமா, வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, காலை மாத்திரை போடலாமா, எவ்வளவு நேரம் ஆகும், துணைக்கு ஆள் வேண்டுமா. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் "இன்றே வாருங்கள்" என்பார்கள். நாலு நாள் தள்ளித் தேதி கொடுப்பவர், நாலு நாள் பொறுக்கும் என்று தெரிந்தேதான் கொடுக்கிறார். அப்புறம், "சுகரை வேரோடு எடுத்துவிடுகிறோம், பேக்கேஜ் இருக்கிறது" என்று ஒரு போன் வரும். அதற்கு ஒரு கேள்வியும் வேண்டாம், வைத்துவிடுங்கள்.

கண் பரிசோதனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்த பிறகும் பார்வை பல மாதம் தெளிவாகவே இருக்கும். மங்கும்போது நிறைய நேரம் போயிருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், சில நொடி எரியும். 20, 30 நிமிடத்தில் கண்மணி விரிந்துவிடும். அதற்குப் பிறகு நாலு முதல் ஆறு மணி நேரம் பக்கத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. போனில் எழுத்து கலங்கும், வெயில் கூசும். ஸ்கூட்டி ஓட்டக் கூடாது. அன்று உங்கள் டேபிளில் உட்கார்ந்தாலும் ஓட்டையும் கறையும் தையல் விட்ட இடமும் கண்ணுக்குப் படாது, பீஸ் திரும்பி வந்து பேச்சு வாங்குவீர்கள். அதனால் காலையில் கண்ணுக்குப் போய்விட்டு மதியம் வேலைக்கு ஓடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். சில இடங்களில் சொட்டு மருந்து இல்லாமலே கேமராவில் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். படம் தெளிவாக வராவிட்டால் சொட்டு விட்டுத்தான் ஆக வேண்டும்.

கண்ணோடு சேர்ந்த இன்னொன்று, பலர் இதில் காசை விடுகிறார்கள். மாத்திரை ஆரம்பித்துச் சர்க்கரை இறங்கும் முதல் சில வாரங்களில் கண்ணின் லென்ஸில் நீர்ச்சத்து மாறுவதால் பார்வை கலங்கலாம். மாத்திரைதான் கண்ணைக் கெடுக்கிறது என்று நினைத்து நிறுத்துபவர்கள் உண்டு, நிறுத்தாதீர்கள். விழித்திரையைக் காட்டுங்கள், ஆனால் புதுக் கண்ணாடி மட்டும் இப்போது போடாதீர்கள். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து இரண்டு மாதம் போகட்டும். இன்றைக்கு எழுதித் தரும் பவர் அப்போது பொருந்தாமல் போகலாம்.

கால் டெஸ்ட்டில் வலி இல்லை. மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அது லேசாக வளையும் வரை அழுத்துவார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிறபோது "தெரியுது" என்று சொல்ல வேண்டும். அதிரும் இசைக்கவை ஒன்றைப் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்பார்கள். கணுக்கால் பக்கம் நாடி பார்ப்பார்கள். மொத்தமே பத்து நிமிடம். சர்க்கரை டாக்டரே செய்வார், தனியாக ஒரு தேதி தேவையில்லை. டயட்டீஷியனிடம் ஒருமுறை போங்கள். கையில் அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பினால் வாங்கி வராமல், ஒன்றரை ஷிப்ட் நாளில் நீங்கள் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லி, அதற்கு ஏற்ற மாதிரி கேளுங்கள். பல் டாக்டரிடமும் இந்த வருடத்துக்குள் ஈறைக் காட்டிவிடுங்கள், அவசரம் இல்லை.

ஈசிஜி? ஒருமுறை எடுத்து ஃபைலில் வைத்தால் நல்லது, செலவும் கம்மி. ஆனால் நெஞ்சுவலி, மூச்சுவாங்குதல் எதுவும் இல்லாத உங்களுக்கு அடுத்து டிரெட்மில், எக்கோ என்று போனால், "எனக்கு இது ஏன்?" என்று கேட்கலாம். பதில் சரியாக வந்தால் செய்யுங்கள். பேக்கேஜுக்குள் வரும் இன்சுலின் அளவு, வைட்டமின் டி போன்றவை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. பி12 பார்ப்பது மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்ட பிறகு பேச வேண்டிய விஷயம். கொலஸ்ட்ராலும் பிரஷரும் கட்டாயம் பார்க்க வேண்டும். பணம் பிடுங்கும் இடங்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யூரினையும் கண்ணையும் காலையும் பார்க்கச் சொன்ன உங்கள் டாக்டரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இனி லீவு. ஆளுக்கொரு தேதியை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. ரிசப்ஷனில், "எனக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள், பெரும்பாலும் செய்து தருவார்கள். காலை ஏழரைக்கு வெறும் வயிற்றில் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு டிபன் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தத்துக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. அந்த இடைவெளியில் ஈசிஜி, கால், டயட்டீஷியன் எல்லாம் முடிந்துவிடும். இரண்டாவது ரத்தம் கொடுத்த பிறகு கடைசியாகக் கண். கண்ணை முதலில் வைத்தால் மற்ற அறைகளைத் தேடி அலைய முடியாது. தினமும் நாலு இட்லி சாப்பிடுகிறவர் டெஸ்ட் என்பதற்காக இரண்டோடு நிறுத்தாதீர்கள். அந்த ரிப்போர்ட் பார்க்க நன்றாக இருக்கும், உங்களுக்குப் பிரயோஜனப்படாது.

மாத்திரையில் கவனம். டெஸ்ட் நாளில் வெறும் வயிற்றோடு போகும்போது கிளிமிபிரைடை வீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். கையில் எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்ததும், சாப்பாடு முன்னால் இருக்கும்போது, டாக்டர் சொன்ன முறையில் போடுங்கள். மெட்ஃபார்மினும் சாப்பாட்டோடுதான். கிளிமிபிரைடைப் போட்டுவிட்டு டோக்கனுக்காக இரண்டு மணி நேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், திடீரென்று அகோரப் பசி எடுக்கும். மீட்டரில் 70க்குக் கீழே காட்டும். அந்த நேரத்தில் பிஸ்கட்டைத் தேடாதீர்கள், அது மெதுவாகத்தான் வேலை செய்யும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் பொறுங்கள். சரியாகாவிட்டால் இன்னொரு முறை. அப்புறம் டிபன். பையில் ஒரு சின்னப் பொட்டலம் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். ஆர்டர் நெருக்கடியில் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் நாளிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே சூப்பர்வைசரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் பக்கத்து டேபிள் அக்காவிடமாவது சொல்லி வையுங்கள்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். பிடித்தால் இந்தப் பரிசோதனைகளையும் மாத்திரைகளையும் ஈஎஸ்ஐ மருந்தகம், மருத்துவமனை மூலம் காசில்லாமல் பெறலாம். நோய்க்கால உதவித்தொகை என்று சம்பளத்தில் 70 சதவீதம் தரும் ஏற்பாடும் உண்டு. ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு அது கிடையாது என்பதால் ஒரு நாள் லீவுக்குக் கைகொடுக்காது. ஒரே நாளில் முடிக்கச் சொல்வது அதனாலும்தான். ஈஎஸ்ஐ இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகரும் பிரஷரும் இலவசமாகப் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் பகுதிச் செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். தனியாரில் பார்த்த ரிப்போர்ட்டுகளை அங்கே காட்டலாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

தேதி பார்க்காமல் ஓட வேண்டிய சமயங்களும் உண்டு: நெஞ்சில் அழுத்தம் அல்லது மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி அல்லது கரும்புள்ளிகள் பறப்பது, காலில் புண் கறுப்பது அல்லது சீழ் வைப்பது, காய்ச்சலோ வாந்தியோ வந்து எதுவும் உள்ளே தங்காமல் சர்க்கரை 300க்கு மேலேயே நிற்பது, நினைவு தடுமாறுவது. இவற்றுக்கு லீவு, சம்பளம் என்று யோசிக்கவே கூடாது.

இந்த முதல் சுற்று முடிந்தால் நெரிசல் குறையும். மூன்று மாத சராசரியை அடுத்த மூன்று மாதத்துக்கு முன்பு எடுப்பதில் பெரிய பயன் இல்லை. ரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அதற்குள் மாற்றம் முழுதாகத் தெரியாது. ரத்தசோகை இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் அந்த அளவு கூடுதலாகக் காட்டும். கண்ணும் காலும் சுத்தமாக இருந்தால் அடுத்து ஒரு வருடம் கழித்துத்தான். யூரின் மட்டும், வியாழக்கிழமை வரும் அளவைப் பொறுத்து, நடுவில் ஓரிரு முறை கேட்பார்கள்.